ஒரே கட்டம் போதும்

அத்தியாயம் பதினான்கு

பட்டியலை முந்தின நாள் சாயங்காலமே ஒட்டியிருக்க வேண்டும். காலையில் சின்னவள் உள்ளே நுழைந்தபோது அதன் கீழ் மூலை எவனுடைய கிரீஸ் விரலோ பட்டு ஏற்கெனவே கறுத்திருந்தது.

வருகை பதிகிற இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவர். கார்டைத் தேய்க்க வருகிறவன் படிக்காமல் போக முடியாத இடமாகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். 'மூன்று மாதப் பிரச்சினைகள், ஆள் எண் வாரியாக.' முதல் வரியில் பதினேழு. அதற்கு எதிரே நாற்பத்தொன்று. அடுத்த வரிக்காரனுக்கு ஒன்பதுதான்.

"டாக்டருக்கே சீக்காம்ல," என்றான் வரிசையில் ஒருவன். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள்.

பதினேழு அவளுடைய அத்தான். கூடப் பிறந்த அக்காவின் புருஷன். பட்டறையில் அவருக்கு 'டாக்டர்' என்று பேர். எந்த மேசையில் பம்ப் மக்கர் பண்ணினாலும், "டாக்டரைக் கூப்பிடுப்பா" என்பார்கள். அவர் போய்ப் பம்ப்பின் தண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்ப்பார். பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியல் வந்த டேட்டாபேஸைக் கட்டியவள் சின்னவள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். புருஷன் வீட்டில் என்ன நடந்தது என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். அத்தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உள் அறையில் இருந்த தன் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சொல்லித்தான் இந்தப் பம்ப் கம்பெனியின் ஸ்டோரில் எழுத்து வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வேலையை முட்டி மோதி அவளே கற்றுக்கொண்டாள். நாலு மாதத்துக்கு முன் மேனேஜர் கூப்பிட்டு, ஒரு பம்ப்பின் பாகங்களை மாட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த மேசையில் எதனால் நிற்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் பெரிய தாளை விரித்துக் கட்டம் கட்டமாக வரைந்தாள்.

பம்ப் எண். மேசை. மாட்டியவர். தொடங்கிய நேரம். முடிந்த நேரம். இது ஒரு அட்டவணை. கோளாறு வந்தால் இன்னொரு அட்டவணை: பம்ப் எண், என்ன கோளாறு, எவ்வளவு நேரம், யார்.

அந்த 'யார்' என்கிற இடத்தில்தான் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டாள். "அத்தான், கோளாறு யார்கிட்ட வந்துச்சு, யார் சரி பண்ணினாங்கன்னு ரெண்டு கட்டம் போடட்டுமா?"

அவர் தாளைப் பார்க்காமலே சொன்னார். "ஒரே கட்டம் போதும். கிரீஸ் கையோட எவன் ரெண்டு தடவை அமுக்குவான்? முடிச்சு வைக்கறவன் தன் நம்பரைப் போட்டுட்டுப் போகட்டும்."

பட்டறை தெரிந்தவர் சொல்கிறார் என்று ஒரே கட்டமாகப் போட்டாள். வேலை வந்து விழுந்த இடத்திலெல்லாம் முடித்து வைத்தவர் அவர். எல்லாம் அவர் எண்ணிலேயே போய் ஏறி உட்கார்ந்திருந்தது.

அத்தான் வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் பட்டியலுக்கு இரண்டு அடி தள்ளியே நின்றார். கிட்டப் போய்ப் படிக்க மானம் இடம் கொடுக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எத்தனை?" என்றார் அவளைப் பார்க்காமல்.

"நாப்பத்தொண்ணு."

தலையை ஆட்டிவிட்டுக் கார்டைத் தேய்த்தார். எட்டாம் மேசைக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், ஓடி வந்து சின்னவளின் காதோரம் கிசுகிசுத்தாள்.

"இதுல என்னோடது ஆறு ஏழு இருக்கும்க்கா. நான் மாட்டினது நின்னுச்சு, அவர் வந்து சரி பண்ணினாரு. அவர் பேர்ல போய் உக்காந்திருக்கு. என்னக்கா இது அநியாயம்?"

"வாயை மூடிக்கிட்டுப் போய் வேலையைப் பாரு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள நேரம் அதிகம் இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டது, பத்து மேசையில் மூன்றை மூடுகிறார்கள் என்ற பேச்சு ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அறையில் அவள் உட்காரவில்லை. அவரும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், சுவத்துல ஒட்டியிருக்கறது தப்பு."

"உன் சிஸ்டத்துல இருந்து எடுத்ததுதானே?"

"எடுத்தது சரி. எண்ணினது தப்பு. தெருவுல பத்து வீடு பத்திக்கிட்டு எரியுது. பத்து வீட்டுக்கும் ஓடி ஓடித் தண்ணி ஊத்தினவன் ஒருத்தன். நீங்க அவன்தான் கொளுத்தினவன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தக்காரர்னதும் நாக்கு நல்லா நீளுது. இதை ஏன் நீ மூணு மாசம் முன்னாடி யோசிக்கலை?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு மூணு பேர் லிஸ்ட் மேல போகணும். கொளுத்தினவன் யாருன்னு அதுக்குள்ள கொண்டா. இல்லாட்டி சுவத்துல இருக்கறதுதான் லிஸ்ட்."

வழி இருந்தது. அவள் கட்டியதுதானே, அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பம்ப்பின் உடம்பிலும் ஒரு எண் குத்தியிருக்கும். கோளாறு அட்டவணையிலும் அந்த எண் உண்டு. மாட்டிய நேர அட்டவணையிலும் உண்டு. இரண்டையும் அந்த எண்ணில் முடிச்சுப் போட்டால், கோளாறு வந்த பம்ப்பை முதலில் மாட்டியது யார் என்று தெரிந்துவிடும். இரண்டாவது கட்டம் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடவில்லை.

அப்படி முடிச்சுப் போடுகிற நிரலை மூக்கைச் சிந்துகிற நேரத்தில் எழுதி முடித்தாள். ஓட்டினாள். வரிகள் இறங்கி வந்தன. பதினேழாம் எண்ணில் இருந்த நாற்பத்தொன்றில் ஐந்து கழன்றது, பத்து கழன்றது, இருபது கழன்றது. மாட்டியவர் வேறு, சரி செய்தவர் இவர். அக்காவிடம் சொல்லலாம். தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம்.

இருபத்தொன்பதில் கழல்வது நின்றது.

மீதி பன்னிரண்டு. மாட்டியவர் பதினேழு. சரி செய்தவரும் பதினேழு.

திரும்ப ஓட்டினாள். பன்னிரண்டுதான். அதற்கு அடுத்தபடி எட்டாம் மேசைக்காரிக்கு ஏழு. ஆக, கணக்கைத் திருத்தினாலும் பட்டியலில் தலை மாறவில்லை.

பன்னிரண்டுக்கும் ஒரே கோளாறு. சோதனைத் தொட்டியில் வைத்ததும் தண்ணீர் கசிகிறது. பிரித்துப் பார்த்தால் தண்டைச் சுற்றிப் போடும் ரப்பர் சீல் திரும்பியிருக்கிறது. சீலைத் திருப்பிப் போடுவது புதிதாக வந்தவன் முதல் வாரத்தில் பண்ணுகிற தப்பு. இருபத்திரண்டு வருடம் மாட்டியவர் பண்ணுகிறார் என்றால், பெற்ற தாய் பிள்ளையின் பேரை மறந்துபோன மாதிரி.

தேதிகளைப் பார்த்தாள். டேட்டாபேஸ் ஓடத் தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் ஒன்றுகூட இல்லை. அப்புறம் திடீரென்று ஒன்று. மறுவாரம் ஒன்று. அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு.

மூன்றாவது வாரக் கடைசியில் என்ன மாறியது?

ஸ்டோருக்கு நடந்தாள். தன் பழைய நாற்காலி இன்னும் அங்கே இருந்தது. அதில் ஸ்டோர்காரர் காலைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"வாங்க ஆபீசரம்மா. ஏழைங்க ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா?"

"சீல் எப்ப மாறுச்சுண்ணே?"

"அது ஆச்சு ரெண்டு மாசத்துக்கு மேல. வேற கம்பெனிக்காரன், வெலை கம்மி." இரண்டு வளையங்களை எடுத்து மேசைமேல் போட்டார். "இது பழசு. எழுத்து இருக்கற பக்கம் வெளிய வரணும். பாத்தியா, எழுத்து மேடா எழும்பி இருக்கும். இது புதுசு. எழுத்து இருக்கு, ஆனா வெறும் சாயம். அளவு கச்சிதம், ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. கண்ணு இருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சின்னவள் இரண்டு வளையங்களையும் கையில் எடுத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு பழைய சீலைக் கட்டைவிரல் நகத்தால் தடவினாள். எழுத்து ஒவ்வொன்றும் நெருடியது. புதிய சீலைத் தடவினாள். இந்தப் பக்கமும் வழுவழுப்பு. அந்தப் பக்கமும் வழுவழுப்பு.

"என்னம்மா, கண்ணை மூடிக்கிட்டு வேண்டுதலா?"

வீட்டில் அத்தான் போனுக்கு வருகிற செய்தியையெல்லாம், "இதைக் கொஞ்சம் படி, எனக்கு இந்தப் பொடி எழுத்தெல்லாம் பொறுமை இல்ல," என்று தன்னிடமே நீட்டியதை நினைத்துக்கொண்டாள். மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பித் தடவுவதை. தாளைப் பார்க்காமலே, ஒரே கட்டம் போதும் என்று சொன்னதை.

சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பின்பக்கம் கை கழுவும் குழாயடியில் பிடித்தாள். மற்றவர்கள் கழுவிவிட்டுப் போகும்வரை நின்றாள். அவர் முழங்கைவரை சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா, அத்தான்?"

"எது?"

"கண்ணு."

சோப்புப் போடுவது நிற்கவில்லை. விரல் விரலாகத் தேய்த்தார். தண்ணீரைத் திறந்தார். மூடினார்.

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"கண்ணாடி போட்டா..."

"கண்ணாடியில போற சமாச்சாரமா இருந்தா நான் போட்டிருக்க மாட்டேனா? உள்ள நரம்பு போயிடுச்சாம். நடுவுல அழுக்குத் துணி தொங்கற மாதிரி. இப்ப நீ நிக்கற. உன் தோளு தெரியுது. காலு தெரியுது. மூஞ்சி தெரியலை."

அவள் தன்னை அறியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"அன்னிக்கு ஒரே கட்டம் போதும்னு சொன்னீங்களே. இதுக்குத்தானா?"

அவர் கையை உதறினார். "அப்பத் தப்பு ஒண்ணும் நடக்கலை. ஆனா இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் கை தப்பும்னு தெரியும். தப்பினா ஊரார் தப்போட தப்பா அதுவும் கெடக்கட்டும், எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்னு நெனச்சேன். நீயே பிரிப்பேன்னு நெனைக்கலை."

"நான் பிரிக்காம விட்டா நாப்பத்தொண்ணும் உங்க தலையில."

"பிரிச்சா?"

"பன்னெண்டு. ஆனா அத்தான், அந்தப் பன்னெண்டும் உங்க தப்பு இல்ல. சீலை மாத்தினது அவங்க. பழைய சீல் இருந்த வரைக்கும் உங்க கை ஒண்ணுகூடத் தப்பலை. தேதி போட்டு நிரூபிக்கறேன். தடவிப் பாத்தா பக்கம் தெரியாத சீலை வாங்கிப் போட்டது கம்பெனின்னு எழுதறேன்."

"ஏன்யா தடவினேன்னு கேப்பான்."

"கேப்பாங்கதான்."

"அப்ப எழுதாத."

தகர ஓட்டின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து நகம் கீறியது.

"எழுதலைன்னா பன்னெண்டும் உங்க பேர்ல சும்மா நிக்கும், அத்தான். மொத ஆளு நீங்கதான்."

"என் பேர்ல ஏன் நிக்கணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டாம் மேசை பேர்ல மாத்து. அவகிட்ட ஏற்கெனவே ஏழு இருக்கும்ல. ஏழோட பன்னெண்டு. அவளுக்கு வயசு இருக்கு, கண்ணு இருக்கு. வேற எடத்துல கெடைக்கும். எனக்கு இந்த மேசையை விட்டா எது?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வை அவள் தோளில் நின்றது.

"காலையில அவ என்ன சொன்னா தெரியுமா? உங்க பேர்ல அவ தப்பு ஏறியிருக்குன்னு அநியாயம் அநியாயம்னு அடிச்சுக்கிட்டா."

"நல்ல பொண்ணுதான். இல்லைன்னு நான் சொன்னேனா?"

"என்னால முடியாது, அத்தான்."

"முடியாதுன்னு இல்ல. மனசு இல்ல." தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "ரெண்டு வருஷம் எங்க வீட்டுல இருக்க. ஏன் வந்தேன்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா?"

"கேக்கலை. இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

அவர் போய்விட்டார். சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே போனார். இத்தனை நாளும் அது அவளுக்குச் சோம்பல் நடையாகத்தான் தெரிந்திருந்தது.

இரண்டரை மணிக்கு அக்கா போன் பண்ணினாள். பட்டறைச் சேதி வீட்டுக்கு வருவதற்குக் கால் வேண்டாம்.

"என்னடி பட்டியல் ஒட்டியிருக்கியாம்?"

"நான் ஒட்டலைக்கா."

"கட்டம் போட்டவ நீதானே? நீயே அழி."

"அழிக்கற விஷயம் இல்லக்கா அது."

"ரெண்டு வருஷமா நீ தின்னுட்டுப் போட்ட தட்டைக்கூட நான்தான் கழுவறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அவர் பேரு சுவத்துல நாறுது. நாலு எழுத்தை மாத்த உனக்கு வலிக்குதா? வளத்த கடா மார்ல பாயும்னு சொல்லுவாங்க. நான் வளத்ததுகூட இல்ல, வந்து ஒட்டிக்கிட்டது."

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வாய்வரை வந்தது: உன் புருஷனுக்கு உன் மூஞ்சி தெரியாதுக்கா, ஒன்றரை வருஷமாத் தெரியாது.

"பாக்கறேன்க்கா," என்றாள்.

பார்த்தாள். பொய் சொல்வானேன், மாற்றியும் பார்த்தாள்.

ஒரு நாளைக்கு மேல் பழையதாகிவிட்ட வரியை யாரும் தொடக்கூடாது என்று பூட்டுப் போட்டவள் அவள். சாவியும் அவளிடம்தான் இருந்தது. திறந்தாள். பன்னிரண்டில் முதல் வரி. மாட்டியவர் என்ற கட்டத்தில் பதினேழை எடுத்துவிட்டு எட்டாம் மேசைக்காரியின் எண்ணை அடித்தாள். அடித்ததும்தான் தேதி கண்ணில் பட்டது. அந்த நாளில் அந்தப் பெண் வேலைக்கே வரவில்லை. அப்படியானால் வருகைப் பதிவை மாற்ற வேண்டும். வருகையை மாற்றினால் அன்றைக்கு எட்டாம் மேசையில் மாட்டிய வேறு ஆளை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு பொய்யை உட்கார வைக்க நாலு உண்மையை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது வரியின் தேதியில் அந்தப் பெண் வந்திருந்தாள். அன்றைக்கு மூன்று பம்ப் மாட்டியிருந்தாள், தொடக்க நேரம் முடிந்த நேரம் எல்லாம் நிமிடம் பிசகாமல். நாலாவது பம்ப்புக்கு அந்த நாளில் இடமில்லை.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்துப் பூட்டினாள். பிறகு பன்னிரண்டு வரிகளுக்கும் நேரே, இதுவரை யாரும் எதையும் எழுதியிராத குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'சீல் மாறியது. முன்பு எழுத்தைத் தடவிப் பக்கம் அறியலாம், இப்போது முடியாது. இவருக்குக் கண் பார்வைக் குறைவு. பழைய சீல் இருந்தவரை தவறு ஒன்றுமில்லை.'

இதுதான் அவரைக் காப்பாற்றும் என்று நம்பினாள். நம்பினாள் என்பதை எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இத்தனை நாளும் கண்ணு தெரியாம மாட்டியிருக்காரு."

"இத்தனை நாளும் தப்பில்லாம மாட்டியிருக்கார், சார். பழைய சீலைத் திரும்ப வாங்கிக் குடுத்தா..."

"ஒருத்தர் நகத்துக்காகச் சீலை மாத்தச் சொல்றியா?" அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அதுதான் கொடுமை. "அடுத்தவன் கோளாறு இருபத்தொம்பது தீர்த்தாரே, அது எந்த நேரத்துல? தன் மேசையை விட்டு எழுந்து போய்த்தானே? யாரைக் கேட்டுப் போனார்? அதையும் நீயே எழுதிக் கொண்டாந்திருக்க."

"சார், அவர் போகலைன்னா அந்த இருபத்தொம்பதும்..."

"பார்வை இல்லாத ஆளை லைன்ல வெச்சு நாளைக்கு ஒரு விரல் போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீயா?" தாளை மடித்தார். "நல்ல காரியம் பண்ணின. எனக்கு இது தோணவே இல்லை. பத்து மேசைக்கும் கண்ணு ஒரு கட்டம் சேத்துடு. கண்ணு, காது, சர்க்கரை, எல்லாத்துக்கும் கட்டம். திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு ஆளை வரச் சொல்றேன்."

எழுத்தர் நேரத்தோடு கிளம்பிவிட்டிருந்தார். பதினேழாம் எண்ணுக்கான கடிதத்தை அவளையே அடித்துத் தரச் சொன்னார் மேனேஜர். மூன்றே வரி. திங்கள் முதல் பணிக்கு வர வேண்டியதில்லை. அடையாள அட்டையை வாசலில் ஒப்படைக்கவும். உடல் தகுதியின்மை காரணம். அவள் அடித்தாள். அச்சில் எடுத்தாள். கையெழுத்துப் போட்டு உறையில் போட்டது அவர்.

வெளியே வரும்போது எட்டாம் மேசைக்காரி வாசலில் நின்றிருந்தாள். காலையில் பேசிய முகம் இல்லை.

"என் கண்ணையும் எழுதப் போறியாமேக்கா? எங்கம்மாவுக்குச் சின்ன வயசுலயே மங்கிடுச்சு. அதையும் இப்பவே சொல்லிடறேன், எழுதிக்கோ. உனக்கு வேலை மிச்சம்."

சின்னவள் நடந்தாள். பஸ்ஸில் ஏறவில்லை. வீடு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்று நடந்தாள்.

வீட்டில் விளக்குப் போடுகிற நேரம். அத்தான் கூடத்துச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உறை பிரிந்து மடியில் கிடந்தது. கடிதம் கையில் இருந்தது. அக்கா வாளியில் துணி கும்மிக்கொண்டிருந்தவள் முழங்கைவரை சோப்பு நுரையோடு வாசற்படியில் வந்து நின்றாள். தங்கை வந்ததைப் பார்த்தாள்; பார்க்காத மாதிரி புருஷனிடம் திரும்பினாள்.

"வந்ததுல இருந்து கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. என்னதான் எழுதியிருக்கான்? வாய் விட்டுப் படிங்க."

அத்தான் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். கண்ணுக்கு நேராக அல்ல, கொஞ்சம் ஓரமாக, ஓரத்தில் ஏதாவது தெரியாதா என்பதுபோல. கொஞ்ச நேரம் உதடு அசைந்தது.

"ஒரு மாசம் ஓய்வு எடுத்துக்கச் சொல்லியிருக்கான்," என்றார். "ஆர்டர் இல்லையாம். வந்ததும் கூப்பிடறாங்களாம். இருபத்திரண்டு வருஷம் ஒழுங்கா வேலை பாத்ததைப் பத்தியும் ரெண்டு வரி போட்டிருக்கான்."

அக்காவின் முகம் தளர்ந்தது. பெருமூச்சு விட்டாள். இத்தனை நேரம் அவள் கோபத்தையெல்லாம் வாளித் துணிமேல்தான் காட்டிக்கொண்டிருந்தாள் என்று அப்போது தெரிந்தது.

"பாத்தியா?" என்றாள் தங்கையிடம். "நீ பண்ணினது அழிச்சாட்டியம். கண்ட கம்பெனிக்காரனுக்கு இருக்கற ஈரம்கூட உன்கிட்ட இல்ல. ஒரு மாசம்தானே. இருந்துட்டுப் போகட்டும். குடுங்க, அந்த ரெண்டு வரியை நானும் படிக்கறேன்."

கையை நீட்டினாள். நுரை சொட்டியது. "இருங்க, தொடச்சுக்கறேன்," என்று உள்ளே திரும்பிக் கொடியில் துணி தேடினாள்.

அத்தான் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, சின்னவள் நின்ற திசைக்கு இரண்டடி வைத்து, கடிதத்தை அவளிடம் நீட்டினார். சரியாக அவள் கைக்கு வரவில்லை; கொஞ்சம் தள்ளி, காற்றில் நீட்டினார். அவள்தான் எட்டி வாங்க வேண்டியிருந்தது.

"உங்கக்காவுக்கு ஈரக் கை," என்றார். "நீ படிச்சுக் காட்டு."

அக்கா துணியோடு திரும்பி வந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி நின்றாள். "ம், படி. அவரைப் பத்தி எழுதியிருக்கானாமே, அதை மொதல்ல படி."

மூன்று வரி. அவளே அடித்த மூன்று வரி. அத்தானின் பார்வை அவள் தோளில் இருந்தது. அக்காவின் கையில் இன்னும் இரண்டு விரல்கள் ஈரமாக இருந்தன.

"அன்புள்ள," என்று தொடங்கினாள் சின்னவள். கடிதத்தில் அந்தச் சொல் இல்லை.